ஜிம்மியின் வாளி

முல்லைத்தீவுக்கு மோட்டர் வள்ளமே புதிசாக இருந்த காலம் அது. கொழும்பு எஞ்சினியர் கனகலிங்கம் அதற்கும் ஒருபடி மேலே போய், படுக்க அறையும் சமைக்கக் குசினியும் வைத்த மோட்டர்ப் படகொன்றைக் கொண்டுவந்து கடலில் நங்கூரம் போட்டார். இங்கிலீசில் ‘யொட்’ என்று பெயராம். சோளகக் காற்றுக் காலம் முழுவதும் அதிலேயே தங்கிக் காவல் இருக்க மீனவன் மரியநேசனைப் பிடித்தார். துணைக்குத் தன் நாய் ஜிம்மியையும் விட்டுவிட்டுப் போனார்.

வைகாசியும் ஆனியும் ராச வாழ்க்கைதான். பின்னேரங்களில் மனைவி மார்கிறட் தமையனின் வள்ளத்தில் சோறும் தண்ணீரும் கொண்டுவருவாள். ஜிம்மி மரியநேசனின் காலடியில் படுக்கும், அவன் கையால்தான் தின்னும்.

ஆடியில் வந்தது வினை. பக்கத்து ஊரான தண்ணீரூற்றில் இளையதம்பி என்றவனை விசர்நாய் கடித்து, தண்ணீர்ச் செம்பைக் கண்டாலே தொண்டை இழுத்துத் துடிதுடித்து அந்த மனிசன் செத்தான். அந்தக் கிழமைதான் கரைக்குக் கூட்டிப்போன ஜிம்மி ஊர் நாயோடு கடிபட்டுக் காது கிழிந்து வந்தது. போதாக்குறைக்கு, மீன் கொடுக்கும்போது அதன் பல் மரியநேசனின் விரலையும் கீறிவிட்டது.

மறுநாள் விடிய, ஜிம்மி தன் தண்ணீர் வாளியடிக்குப் போயிற்று. மூக்கை வைத்தது. சடாரென்று பின்வாங்கியது. திரும்பப் போய், திரும்பப் பின்வாங்கியது.

மரியநேசனுக்கு இளையதம்பியின் தண்ணீர்ச் செம்பு ஞாபகம் வந்தது. வெயில் ஏற ஏற நாயின் வாயால் வீணீர் வடிந்தது. முனகிக்கொண்டு அவனை நோக்கி வந்தபோது, “என்ர மாதாவே!” என்று அறையின் கூரைக்குப் பாய்ந்து ஏறிவிட்டான். அதற்கு விசர் என்றால் தனக்கும் சாவுதான். எச்சிலை விழுங்கிப் பார்த்தான். தொண்டை நோகிற மாதிரி இருந்தது. இன்னொருக்கால் விழுங்கினான். இன்னும் கூட நொந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்!

தப்பி ஓடச் சின்னத் தோணி ஒன்று பின்பக்கம் கட்டிக் கிடந்தது. ஜிம்மி போய் அதன் கயிற்றடியிலேயே படுத்துக்கொண்டது. சோளகமோ கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. அதற்கு எதிரே நீந்த அந்தப் பாழ்படுவான் மரியநேசனுக்குத் தைரியம் இல்லை. உச்சி வெயிலில் வெந்து, கடைசியில் நீளமான மரக்கோலை எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டு நாயைக் கடலில் தள்ளிவிட்டான்.

அது மூழ்கி எழுந்து, படகைச் சுற்றிச் சுற்றி நீந்தியது. முன்னங்காலால் பலகையைப் பிறாண்டி அவனையே பார்த்தது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. தண்ணீருக்குப் பயந்த நாய் இப்படி நீந்துமா? கீழே குதித்து வாளித் தண்ணீரைக் கையில் அள்ளி நாக்கில் வைத்தான். தூவென்று துப்பினான். கடல் தண்ணீர் தோற்றது, அவ்வளவு உப்பு!

நிமிர்ந்தபோது ஜிம்மியைக் காணவில்லை. காற்று அதை ஆழக் கடல் பக்கம் இழுத்துப் போய்விட்டது. தூரத்தில் ஒரு கறுப்புத் தலை மட்டும் தெரிந்து மறைந்தது. “ஐயோ, பாவி நான்!” என்று அலறிக்கொண்டு தோணியை அவிழ்த்தான். நெஞ்சு வெடிக்கத் துடுப்பு வலித்துப் போய், கழுத்தில் பிடித்துத் தூக்கியபோது அதில் அரை உயிர்தான் இருந்தது. காற்றுக்கு எதிரே திரும்பி வந்து சேர்வதற்குள் கை இரண்டும் கொப்புளித்துவிட்டன.

பின்னேரம் மார்கிறட் வந்து ஏறினாள். ஏறியதும் ஏறாததுமாக வாளியைத்தான் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, நாய் தண்ணி குடிச்சதோ? விசர் அண்டக்கூடாதெண்டு பங்குச் சுவாமியார் மந்திரிச்ச உப்பு நேற்றுப் போட்டனான். ஒரு கை காணாதெண்டு முழுச் சுண்டு உப்பையும் கொட்டிவிட்டன்.”

மரியநேசன் அவளைப் பார்த்த பார்வையில் வேறொருத்தி என்றால் கடலில் குதித்திருப்பாள். பிறகு திரும்பி, தன் குடத்திலிருந்து நல்ல தண்ணீரைக் கோப்பையில் வார்த்து, “ஜிம்மி, வா ராசா” என்று நீட்டினான்.

நாய் நடுங்கியது. வாலைக் கவட்டுக்குள் செருகிக்கொண்டு மூலைக்குள் ஒதுங்கியது. அவன் கிட்டப் போகப் போக இன்னும் ஒடுங்கியது.

“அந்தோனியாரே! நல்ல தண்ணிக்கும் பயப்பிடுதே! விசர்தான், விசரேதான்!” மார்கிறட் நெற்றியில் சிலுவை போட்டாள்.

மரியநேசன் கோப்பையை அவளிடம் கொடுத்து, “நீ குடு” என்றான். அவள் எட்டி நின்று கையை மட்டும் நீட்டிக் கீழே வைத்தாள். ஜிம்மி ஓடிவந்து ஒரு சொட்டு விடாமல் நக்கிக் குடித்தது.

“தண்ணிக்கு இல்லையடி” என்றான் மரியநேசன். “எனக்குத்தான் பயப்பிடுது.”