கூடவே ஒருத்தி

என் மகளின் பள்ளியில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ‘லெட்டர் அம்மா.’ நான் வாசலை நெருங்கும்போதே காவலாளி உள்ளே போன் செய்துவிடுவார். “லெட்டர் அம்மா வர்றாங்க, ரெடியா இருங்க.” எனக்குக் கேட்காது என்று அவருக்கு நினைப்பு.

பெயர் வைத்தால் வைக்கட்டும் என்றுதான் இருந்தேன். ஆறு வயதில் என் மகள் சிட்டுவுக்குச் சர்க்கரை வியாதி வந்தது. இப்போது எட்டு. தினமும் நான்கு முறை இன்சுலின் ஊசி, ஆறு முறை விரலில் குத்தி ரத்தப் பரிசோதனை. திடீரென்று சர்க்கரை இறங்கினால் உடம்பு நடுங்கும், உடனே ஜூஸ் குடித்தாக வேண்டும். இதைப் பள்ளிக்குப் புரியவைக்க எனக்கு மூன்று மாதமும் ஒன்பது கடிதங்களும் தேவைப்பட்டன.

ஒன்பதாவது கடிதத்தில் ஐந்தே வரிகள்தான். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் கண்ணில் உறுத்தும். மீட்டரும் ஊசியும் ஆபீஸ் அறையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பரீட்சை நடுவிலும் ஜூஸ் குடிக்க அனுமதி வேண்டும் என்று ஒவ்வொரு வரியையும் செதுக்கியிருந்தேன். ஐந்தாவது வரி இது: மாணவியின் கூடவே எப்போதும் ஒரு குழந்தை இருக்க வேண்டும்.

“எந்தக் குழந்தைம்மா?” என்று தலைமையாசிரியை கேட்டார்.

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சிட்டுவின் வகுப்புத் தோழி வாலுவின் பெயரை என் பேனாவாலேயே எழுதினேன்.

வாலு என்பது நாங்கள் வைத்த பெயர். சேட்டையும் அப்படி, சிட்டுவின் பின்னாலேயே திரிவதும் அப்படி. ஊசிக்குப் பயந்து கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்த சிட்டுவைக் கை நீட்ட வைத்தது நானோ டாக்டரோ இல்லை, அந்த வாண்டுதான். ஐந்து விரலுக்கும் பெயர் வைத்தாள். கட்டைவிரல் குண்டு. ஆட்காட்டி விரல் வாத்தியார். நடுவிரல் நெட்டை. மோதிர விரல் மாப்பிள்ளை. சுண்டுவிரல் கடைக்குட்டி. “இன்னைக்கு மாப்பிள்ளைக்கு டூட்டி. நேத்து வாத்தியார் அழுதுட்டாரு, அவருக்கு லீவு” என்பாள். சிட்டு சிரித்துக்கொண்டே மாப்பிள்ளையை நீட்டுவாள்.

தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை என் பக்கம் தள்ளினார். “இதுக்கு மேல ஒரு கமா சேர்க்கணும்னாலும் இடமில்லம்மா.”

அன்று லிப்ட் மெக்கானிக்கான என் கணவர் வேலை முடிந்து கிரீஸ் படிந்த கையோடு வந்தார்.

“என்ன வக்கீலம்மா, கேஸ் ஜெயிச்சாச்சா?”

“வாய மூடிட்டுச் சாப்பிடுங்க.”

“வாய மூடிட்டு எப்படிம்மா சாப்பிடுறது?”

சிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

இரண்டு வாரம் கழித்து வகுப்பாசிரியையிடமிருந்து ஒரு சீட்டு வந்தது. ‘இன்று சர்க்கரை இறங்கியது. தோழி ஓடிப்போய் ஜூஸ் எடுத்து வந்து கொடுத்தாள். இப்போது நலம்.’ நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் ஐந்தாவது வரி என் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டது! மறுநாளே வாலுவுக்கு ஒரு சாக்லேட் பெட்டி கொடுத்தனுப்பினேன்.

அதற்குப் பிறகு சிட்டுவின் சர்க்கரை நோட்டு அழகாக மாறியது. பள்ளியில் பார்க்கும் அளவுகளை அவளே அதில் எழுதுவாள். 112. 118. 109. 121. வீட்டுக்கு வந்ததும் பார்த்தால் மட்டும் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். பள்ளியில்தான் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதே, பழி வீட்டுச் சாப்பாட்டின் மேல்தான் விழ வேண்டும் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகும் பரிசோதனைக்கு நோட்டைப் பெருமையோடு கொண்டுபோனேன். எங்களை முதல் நாளிலிருந்து பார்த்துவரும் நர்ஸ் நோட்டைப் புரட்டினார். பிறகு ரத்த அறிக்கையைப் பார்த்தார். முகம் மாறியது.

“சர்க்கரை சராசரி ஏறியிருக்கேம்மா. ஸ்கூல் மீட்டர் கொண்டு வந்திருக்கீங்களா?”

கொடுத்தேன். அவர் பொத்தானை அழுத்தி அழுத்திப் பின்னோக்கிப் போனார். மீட்டர் ஒவ்வொரு பரிசோதனையையும் தேதியோடு நினைவில் வைத்திருக்கும். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் நான் ஒருநாள்கூட அந்தப் பொத்தானைத் தொட்டதில்லை.

“பதினோரு ஸ்கூல் நாளா இதுல ஒண்ணுமே இல்லம்மா. பரிசோதனையே பண்ணல. இல்லாத நம்பருக்கு ஊசி போட்டிருக்கா.”

நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். எல்லா எண்களும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதியது போல. ஊரார் எழுதியதில் எல்லாம் பிழை பார்க்கிறவள் நான்.

வராந்தாவின் பிளாஸ்டிக் நாற்காலியில் சிட்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் முன்னால் மண்டியிட்டேன்.

“ஏன்டி தங்கம் இப்படிப் பண்ணின? வலிக்குதா?”

இல்லை என்று தலையாட்டினாள்.

“அப்புறம்?”

“வாலுவ பி செக்‌ஷனுக்கு மாத்திட்டாங்கம்மா.”

“எப்போ?”

“அன்னைக்கே. நான் நடுங்கினேன்ல, அதுக்கப்புறம்.” குரல் இறங்கியது. “எனக்கு உடம்பு சரியில்லன்னுதான அவ கூடவே இருக்கணும்? நல்ல நம்பரா வந்தா எனக்குச் சரியாயிடுச்சுன்னு நினைப்பாங்க. அப்போ அவ சும்மா ஃபிரெண்டா வந்துடுவால்ல?”

அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். என் தோளுக்குப் பின்னால் அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள். “நான் ரொம்ப நல்ல நம்பராத்தான்மா எழுதினேன்.”

வகுப்பாசிரியைக்கு அங்கிருந்தே போன் செய்தேன். “வாலுவோட அம்மா வந்து கேட்டாங்க, மாத்திட்டோம். சிட்டு தானே ஆபீஸுக்குப் போய்ப் பார்த்துக்கிறேன்னு சொன்னா. உங்ககிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன் மேடம். சொன்னா இன்னொரு லெட்டரோட வருவீங்களோன்னு பயமா இருந்துச்சு.”

சிட்டுவை வீட்டில் விட்டுவிட்டு வாலுவின் வீட்டுக்குப் போனேன்.

வாலுவின் அம்மா தையல் வேலை செய்கிறவர். நான் போனபோது மெஷினில் யாருடைய திரைச்சீலையோ ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் காலை எடுத்தார். மெஷின் நின்றது.

“உட்காருங்க. நீங்க வருவீங்கன்னு தெரியும்.”

“அந்த வரிய நான் எடுத்துடுறேங்க,” என்றேன் அவசரமாக. “வாலு எதுவும் பார்த்துக்க வேண்டாம். பழையபடி பக்கத்துல உட்கார்ந்தா மட்டும் போதும். வெறும் தோழியா. சிட்டு ரொம்ப…”

“உங்க லெட்டர் வந்ததுல இருந்து அவ இன்டர்வெல்ல விளையாடவே இல்ல, தெரியுமா உங்களுக்கு? பாத்ரூம் போனாக்கூட ஓடி வந்துடுவா. ‘நான் இல்லாதப்போ அவளுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?’ம்பா. அன்னைக்கு உங்க பொண்ணு நடுங்கினப்போ டீச்சர் பக்கத்து கிளாஸ்ல இருந்தாங்க. இவ ஒருத்தியாத்தான் ஜூஸ் புகட்டியிருக்கா. எட்டு வயசு அதுக்கு.”

வகுப்பாசிரியையின் சீட்டில் அந்த வரி இல்லை. நானும் கேட்கவில்லை.

“இன்னும் தூக்கத்துல எழுந்து உட்காருறா. ‘ஜூஸ் எங்கம்மா, ஜூஸ் எங்க’ன்னு.” அவர் எழுந்து கட்டிலுக்குப் போனார். தலையணையைத் தூக்கினார். அடியில் நான் அனுப்பிய சாக்லேட் பெட்டி. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. உருகி, இறுகி, ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

“ஒண்ணு எடுத்துக்கடின்னா மாட்டேங்குறா. சிட்டுவுக்கு இறங்கிட்டா வேணுமாம்.”

நான் முகத்தை மூடிக்கொண்டேன். அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் தோளில் கை வைத்தார். அந்தக் கையில் கோபமே இல்லாததுதான் தாங்க முடியவில்லை.

“நீங்க உங்க பொண்ணுக்காகச் சண்டை போட்டீங்க. தப்பே இல்ல. எனக்கும் ஒண்ணே ஒண்ணுதாங்க இருக்கு. இப்போ மறுபடி பக்கத்துல உட்கார வச்சா, வேண்டாம்னாலும் அவ பார்த்துக்கிட்டேதான் இருப்பா. கொஞ்ச நாள் அவ குழந்தையா இருக்கட்டும். உங்க கால்ல வேணும்னாலும் விழுறேன்.”

சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் பத்தாவது கடிதம் கொடுத்தேன். குழந்தை இல்லை, பெரியவர் ஒருவர்தான் கூட இருக்க வேண்டும் என்று. தலைமையாசிரியை மறுபேச்சில்லாமல் ஆபீஸ் அறையில் வேலை செய்யும் அம்மாவை அந்த வேலைக்குப் போட்டார். முதல் கடிதத்திலேயே நான் கேட்டிருக்க வேண்டியது அதுதான்.

அன்று மாலை சிட்டு சாப்பாட்டு மேஜையில் எனக்காகக் காத்திருந்தாள். என் கணவர் சீக்கிரமே வந்து, என்ன பேசுவது என்று தெரியாமல், ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வாலு வருவாளாம்மா?”

பொய் சொல்லிவிடலாம் என்று நாக்கின் நுனி வரை வந்தது. நல்ல எண்களாக எழுதப்பட்ட அந்த நோட்டு மேஜையில் கிடந்தது.

“வரமாட்டாடா. அவ உன்மேல வச்ச பாசத்துல ரொம்பப் பயந்துபோயிட்டா. அவள அந்த வேலைக்குப் போட்டது அம்மாதான். தப்பு என்னோடது.”

அவள் அழவில்லை. நோட்டை இழுத்து, நல்ல எண்கள் இருந்த பக்கத்தை மெதுவாகத் திருப்பினாள். புதுப் பக்கத்தில் தேதி எழுதினாள்.

நான் மீட்டரை எடுத்து வைத்தேன். என் குரலை வாலுவின் குரல் மாதிரி ஆக்கிக்கொள்ளப் பார்த்தேன். “சரி, இன்னைக்கு யாருக்கு டூட்டி? வாத்தியாரா? மாப்பிள்ளையா?”

சிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை விரித்து, ஐந்தையும் மொத்தமாக என் முன்னால் நீட்டினாள்.

“ஏதாச்சும் ஒண்ணு எடுத்துக்கோம்மா. எல்லாம் விரல்தான்.”