எதிர்ச்சுவர்

நவம்பர் 9. அத்தையின் மெத்தைகளை வாசல் பக்கம் மாற்றி வைத்தது என் தவறு. சின்னத் தவறுதான்.

நாட்குறிப்பில் எழுதிவிட்டு, 'சின்ன' என்பதை அடித்தாள் குல்பரா.

மலைநகரமான நாரினில், மாலை வகுப்பில் வீட்டு அலங்காரம் படிக்கிறவள் அவள். வீட்டில் ஒரு நூலகம் வேண்டுமென்று, கூடத்தில் வாசலுக்கு எதிர்ச்சுவரில் அலமாரியும் சாய்வு நாற்காலியும் வரைந்திருந்தாள். அந்த ஊர் வழக்கப்படி மூத்த விருந்தாளியை உட்காரவைக்கும் இடம் அது. மாமியார் சாய்ரா சீராகக் கொண்டுவந்த மெத்தைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்ததும் அங்கேதான்.

காலையில் அவற்றை வாசலுக்கு மாற்றிவிட்டு அங்கே தன் புத்தகங்களை அடுக்கியிருந்தாள் குல்பரா. மதியம் சந்தையிலிருந்து வந்த சாய்ரா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என் மானத்தைச் செருப்புக்குப் பக்கத்துல வச்சுட்டியே, மருமகளே!"

"எதிர்ச்சுவர்லதான் வெளிச்சம் நல்லா வருது, அத்தை. நீங்களும் உக்காந்து படிக்கலாம்."

"வர்ற விருந்தாளி எதை விரிச்சுப் படுப்பாங்க? உன் புத்தகத்தையா?"

குல்பரா கணவனைப் பார்த்தாள். எர்மெக் தேநீர்க் கிண்ணத்துக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

சாய்ரா மெத்தைகளைத் தானே சுமந்துபோய்ப் பழைய இடத்தில் அடுக்கினாள். புத்தகங்களை அள்ளிவந்து பூட்ஸ்களுக்கு நடுவே கொட்டினாள்.

"இனிமே உன் நூலகம் இங்கதான். மறுபடி மெத்தையில கை வச்சே, அத்தனையும் அடுப்புக்குள்ள போயிரும்."

"சரி அத்தை. இங்கயே கட்டிக்கிறேன்."

"இந்தக் குளிர்லயா? திமிரு!"

"இந்த இடத்தை யாரும் திருப்பிக் கேக்க மாட்டீங்கல்ல?"

சாய்ரா கதவை அறைந்து சாத்தினாள்.

நாளைய வேலை: கதவிடுக்கில் கம்பளித் துணி அடைப்பது. பிறகு வாசல் சுவரில் முதல் பலகையை அடிப்பது.