பன்றிகள் இங்கேதான் இருக்கும்

அந்தக் கம்பெனியில் வெறும் திரையைப் பார்த்து உட்கார்ந்து புரோகிராம் எழுதியவர் ஒருவரும் கிடையாது. புதிதாக ஒன்று வேண்டுமென்றால், ஏற்கெனவே ஓடுகிற பழையது ஒன்றை எடுத்து நகல் செய்வார்கள். பெயரை மாற்றுவார்கள். வேண்டாததை வெட்டி, வேண்டியதை ஒட்டி, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அமெரிக்காவில் டெ மாயின் நகரத்து மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி அது. அதன் ஏழாவது மாடியில் ஓடிய எல்லாப் புரோகிராமும், எழுபதுகளில் எவனோ கோபல் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய ஒன்றின் பேரன், கொள்ளுப்பேரன்தான். அதை எழுதிய புண்ணியவான் ஓய்வு பெற்று அரிசோனாவில் வெயில் காய்கிறான் என்று கேள்வி.

லோர்னா ஹூக்ஸ்ட்ரா அங்கே இப்படி நகல் எடுத்தே பாதி வாழ்க்கையைக் கழித்தவள். பக்கத்து மேஜை ஹார்லன் ப்ரட். பெரிய உருவம், பெரிய சிரிப்பு, எழுத்துப்பிழை இல்லாமல் நாலு வரி எழுத வராது. ஆனால் எந்தப் புரோகிராம் எங்கே உடைந்தாலும் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

தொண்ணூற்று நான்காம் வருஷம் இலை உதிரும் காலத்தில் மேலிடத்திலிருந்து சேதி வந்தது. கோபல் இனி வேண்டாம். எல்லாமே புது மொழியில், புது முறையில். வசந்தத்துக்குள் அதைக் கற்றுக்கொண்டவர்களுக்குப் புதுக் குழுவில் இடம் உண்டு. மற்றவர்கள் வேறு வழி பார்த்துக்கொள்ளலாம். சொன்ன விதம் என்னவோ ரொம்ப மரியாதையாகத்தான் இருந்தது, கேட்டவர்களுக்குத்தான் வயிற்றில் புளியைக் கரைத்தது.

ஹார்லனுக்கு மற்றவர்களைவிட அதிகமாகக் கரைத்தது. அவன் மனைவி ஜோனுக்கு நரம்பு நோய். கால் இரண்டும் மெல்ல மெல்லச் சொல் கேட்காமல் போய்க்கொண்டிருந்தன. புதிதாக வந்திருந்த ஊசிதான் அவளை நடக்க வைத்தது, அந்த ஊசியின் செலவைத் தாங்கியது ஹார்லனின் வேலையோடு வந்த காப்பீடு. நோயோடு வருகிறவளை வேறெந்தக் காப்பீட்டுக் கம்பெனியும் சேர்த்துக்கொள்ளாது. இதை ஹார்லனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இங்கே அப்படிப்பட்டவர்களுக்குப் போகும் மறுப்புக் கடிதத்தை அச்சடிக்கும் புரோகிராமே அவன் எழுதியதுதான்.

சிகாகோவிலிருந்து ஒருவன் பாடம் எடுக்க வந்தான். கிளாஸ் என்றான், ஆப்ஜெக்ட் என்றான், பலகை நிறையக் கட்டம் கட்டமாகப் போட்டான், ஒரு வாரத்தில் விமானம் ஏறிவிட்டான். ஒருவருக்கும் ஒன்றும் ஏறவில்லை.

"அவனுக்கே புரிஞ்சிருக்குமான்னு எனக்குச் சந்தேகம்," என்றாள் லோர்னா.

"அவனுக்கு எதுக்குப் புரியணும்? அவன் வேலை பத்திரமா இருக்கு," என்றான் ஹார்லன். "இரு, நான் ஒண்ணு பண்றேன். உன்ன மாதிரி மண்டைக்கும் ஏறுற மாதிரி."

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அதைக் கொண்டுவந்தான். ஒரு டிஸ்க். போட்டால் நீலத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு மெனு வரும். ஒன்று முதல் ஏழு வரை பாடங்கள். எண்ணைத் தட்டினால் பாடம் திறக்கும், முடிவில் கேள்விகள் வரும். சரியாகச் சொன்னால் மெனுவில் அந்தப் பாடத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் விழும். பாடம் முழுக்க ஒரு பன்றிப் பண்ணைதான். ஹார்லன் பண்ணையில் பிறந்தவன், வேறெதை எழுதுவான்?

லோர்னா முதல் பாடத்தைத் தட்டினாள். 'பழைய பண்ணைக்காரன் எல்லாத்தையும் தானே செய்வான்' என்று ஆரம்பித்தது. 'ஒவ்வொரு பிராணியிடமும் போய், நீ பன்றியா, கோழியா, மாடா என்று கேட்பான். பன்றி என்றால் இதைப் போடு, கோழி என்றால் அதைப் போடு. நாளைக்கு ஒரு வாத்து வந்தால் அவன் கதை கந்தல். புதுப் பண்ணைக்காரன் ஒன்றும் கேட்க மாட்டான். வாசலில் நின்று, சாப்பிடுங்கள் என்று சொல்வான். எப்படிச் சாப்பிடுவது என்று அதது அதற்குத் தெரியும்.'

தப்பாக விடை சொன்னால், 'பன்றி உன்னைப் பார்த்துச் சிரிக்கிறது' என்று வரும். லோர்னாவைப் பார்த்துப் பன்றி நிறையவே சிரித்தது. விட்டு வெளியே போகப் பூஜ்யத்தைத் தட்ட வேண்டும். தட்டினால், 'போறியா? போ. பன்றிகள் இங்கேதான் இருக்கும்' என்று ஒரு வரி வந்துவிட்டுத் திரை கறுக்கும்.

குளிர்காலம் முழுக்க ஏழாவது மாடி பன்றி மேய்த்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, மதியச் சாப்பாட்டு வேளையில் ஆளாளுக்கு நீலத் திரை முன்னால் சாண்ட்விச்சும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். உனக்கு எத்தனை நட்சத்திரம், எனக்கு எத்தனை என்று ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டார்கள். லோர்னாவுக்கு ஐந்தாம் பாடத்தில் திடீரென்று விளங்கியது. தான் எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டியதில்லை, கேட்டால் போதும், அதது தன் வேலையைச் செய்யும் என்பது புரிந்தபோது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த வயதில் புதிதாக ஒன்று மண்டையில் ஏறும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"ஹார்லன், எனக்குப் புரிஞ்சிருச்சு," என்றாள்.

"பன்றிக்கு நன்றி சொல்லு."

மார்ச்சில் ஒவ்வொருவரும் புது முறையில் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் முடிவு. பார்ப்பதற்கு மினியாபொலிஸிலிருந்து புதுத் தலைவி வந்தாள், பிரிஜிட் என்று பெயர். லோர்னா முதல் முறையாக வெறும் திரையில் ஆரம்பித்துச் சின்னதாக ஒன்று எழுதினாள். ஹார்லன் எதைக் கொடுப்பான் என்று யாரும் கேட்கவில்லை. மாடி முழுக்கப் படித்தது அவன் டிஸ்கில். அதைவிட வேறென்ன வேண்டும்?

கொடுப்பதற்கு நாலு நாள் இருக்கும்போது டிஸ்கை லோர்னா மேஜையில் வைத்தான்.

"உள்ள போய் எழுத்துப்பிழைய மட்டும் திருத்திக் குடு தாயே. அந்த மினியாபொலிஸ்காரி சிரிக்கப்போறா."

அவள் பாடங்களின் உள்ளே, அவற்றை ஓட்டும் புரோகிராமையே திறந்தாள். நீளமாக ஒரே ஒரு ஓட்டம், மேலிருந்து கீழே. தட்டியது ஒன்றா? அப்படியானால் இதைச் செய். இரண்டா? அப்படியானால் அதைச் செய். மூன்றா? விடை தப்பா? முதல் தடவையா? இரண்டாம் தடவையா? பக்கம் பக்கமாக இதே கேள்வி. புது முறைக்கே அடையாளமான கிளாஸ் என்ற சொல் திரையில் காட்டும் பாடத்தில் நூறு இடத்தில் இருந்தது. புரோகிராமில் ஒரு இடத்திலும் இல்லை. அந்தப் புரோகிராமின் முகம் அவளுக்குத் தெரிந்ததுதான். குமாஸ்தாக்கள் பிரீமியம் தொகையைப் பதிவு செய்யும் பழைய கோபல் மெனு. அதை நகல் எடுத்து, வரிக்கு வரி புது மொழிக்கு மாற்றி, நடுவில் பன்றிகளை விட்டிருந்தான்.

பழைய பண்ணைக்காரன். முதல் பாடத்தில் அவனைக் கேலி செய்து எழுதியவனே ஒவ்வொரு பிராணியாகப் போய் நீ யார், நீ யார் என்று கேட்டுக்கொண்டு நின்றான்.

முதலில் அவள் நம்பவில்லை. தனக்குத்தான் ஏதோ புரியவில்லை என்று நினைத்தாள். கற்றுக்கொடுத்தவனுக்குத் தெரியாமலா இருக்கும்? மெனு என்றால் இப்படித்தான் எழுத வேண்டுமோ என்னவோ. எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்திக்கொண்டே போனாள்.

வெள்ளிக்கிழமை உணவுக்கூடத்தில் சில்லி என்ற காரமான இறைச்சிக் குழம்பும் பட்டைத்தூள் போட்ட ரொட்டிச் சுருளும். ஹார்லன் வழக்கம்போல் சுருளைச் சில்லியில் முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஜோன் கைத்தடி இல்லாமல் சமையலறை வரை நடந்தாளாம், முகம் அப்படி மலர்ந்திருந்தது.

லோர்னா ஸ்பூனால் சில்லியைக் கிளறினாள். "ஹார்லன், அந்தப் புரோகிராம் உள்ள நீயே ஒண்ணொண்ணா கேட்டுட்டு நிக்கிறியே."

"எங்க?"

"ஒண்ணா, ரெண்டா, மூணான்னு."

"அது மெனு. மெனு கேக்காம பின்ன பாட்டா பாடும்?" என்று சிரித்தான். "பாடம் வேற, மெனு வேற. மூணு மாசம் முன்னாடி கோழிக்கும் பன்னிக்கும் வித்தியாசம் தெரியல, இப்ப வாத்தியாருக்கே பாடமா?"

பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். லோர்னாவும் சிரித்தாள். உண்மையைச் சொன்னால், அவன் மடக்கியதில் அவளுக்கு நிம்மதிதான். இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சனி, ஞாயிறு இருந்தது, இரண்டு பேரும் உட்கார்ந்தால் மாற்றியிருக்கலாம். ஜோன் நடந்த கதையை அவன் மறுபடி ஆரம்பித்தான், அவள் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பிரிஜிட் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். நெடுநெடுவென்று ஒரு பெண், பேச்சில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. லோர்னாவின் புரோகிராம் நன்றாக இருந்தது, குழுவில் அவள் உண்டு என்றாள். பிறகு மேஜைமேல் கிடந்த தாள்களைத் தன் பக்கம் இழுத்தாள். ஹார்லனின் புரோகிராம், அச்சடித்தது.

"நீங்க இதுலதான் படிச்சீங்களா?"

"எல்லாருமே இதுலதான் படிச்சோம்."

"பாடம் அருமையா இருக்கு. நான் பாத்ததுலயே நல்ல பாடம்." பக்கங்களைப் புரட்டினாள். "இதை எழுதினவருக்கு இது புரிஞ்சிருக்கா?"

"எங்களுக்குச் சொல்லிக்குடுத்ததே அவன்தாங்க."

"நான் அதைக் கேக்கல, லோர்னா."

ஜன்னலுக்கு வெளியே உருகிய பனி கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பொய் சொல்லலாம். ஆனால் தாள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது, படிக்கத் தெரிந்த இரண்டு பேர். அதிலும் அவளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவன் ஹார்லன்.

"அவன் மனைவிக்கு உடம்பு சரியில்லைங்க," என்றாள்.

"தெரியும்," என்றாள் பிரிஜிட். தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தாள். "கஷ்டமா இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. லோர்னா கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. சொன்ன மாதிரிதான் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை பத்துமணிக்கெல்லாம் ஹார்லனிடம் சொல்லிவிட்டார்கள். மாத முடிவு வரை காப்பீடு உண்டு. அதன்பிறகு முழுப் பிரீமியத்தையும் கையிலிருந்து கட்டினால் கொஞ்ச காலம் இழுக்கலாம், அந்தத் தொகை என்ன என்பதும் அவனுக்கு மனப்பாடம். அட்டைப்பெட்டி ஒன்றில் காபிக் குவளையையும் ஜோனின் படத்தையும் வைத்தான். மாடியில் ஆளாளுக்குத் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் டிஸ்கில் தேறியவர்கள் எல்லாரும்.

பெட்டியை மூடாமல் வந்து லோர்னா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"உனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருச்சா?"

"ம்."

"ஏதோ சொன்னியே. மெனு பத்தி."

"சொன்னேன்."

"இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம் நீ." கோபமாகச் சொல்லியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். அவன் சாதாரணமாகச் சொன்னான். "சரி விடு. நான் கேக்குற ஆளும் இல்ல. இப்பச் சொல்லு, எங்க தப்பு? ஜோன் கேப்பா. அவகிட்டச் சொல்லணும்ல."

லோர்னா டிஸ்கைப் போட்டாள். நீலத் திரை வந்தது. அவன் பாடத்தை வைத்தே அவனுக்குச் சொன்னாள். ஒவ்வொரு பாடமும் ஒரு பிராணி, ஹார்லன். நீ ஒண்ணாவதா, ரெண்டாவதான்னு கேக்கக் கூடாது. தன்னை எப்படிக் காட்டிக்கணும்னு பாடத்துக்கே தெரியணும். நட்சத்திரம் எப்ப வாங்கணும்னு அதுக்கே தெரியணும். மெனு வாசல்ல நின்னு கூப்பிட்டாப் போதும்.

அவன் கவனமாகக் கேட்டான். தலையாட்டினான். பிறகு கையை நீட்டி ஐந்தைத் தட்டினான். கேள்விகள் வந்தன. புதிதாக ஒரு வாத்து வந்தால் பண்ணைக்காரன் என்ன செய்ய வேண்டும்? சரியான விடையைத் தட்டினான். அடுத்ததும் சரி. அதற்கடுத்ததும் சரி. மெனுவில் நட்சத்திரம் விழுந்தது.

"எல்லாம் சரியாத்தான் வருது," என்றான்.

"ஆமா."

"நீ இப்ப சொன்னதைத்தானே நானும் எழுதியிருக்கேன்?"

"அதையேதான் எழுதியிருக்க," என்றாள் லோர்னா.

அவன் திரையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். எது எங்கே உடைந்தாலும் கண்டுபிடிக்கிறவனுக்கு, உடைந்த இடம் கண்ணுக்கு முன்னால் இருந்தும் தென்படவில்லை. எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டான். டிஸ்க் வேண்டுமா என்று அவள் கேட்டதற்கு, நீ வைத்துக்கொள், வரப்போகிற பசங்களுக்கு ஆகும் என்றான்.

லிஃப்ட் கதவு மூடிய பிறகும் மெனு அப்படியே நின்றது. பிரிஜிட் காலையிலேயே அவளிடம் சொல்லியிருந்தாள்: பாடம் அருமை, அதை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதைப் புது முறையில் எழுதுங்கள், உங்கள் முதல் வேலை அதுதான்.

லோர்னா பூஜ்யத்தைத் தட்டினாள். போறியா, போ, பன்றிகள் இங்கேதான் இருக்கும் என்று வந்தது. திரை கறுத்தது. அவள் வெறும் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் வரியை எழுதக் கை வரவில்லை. பழைய வழக்கப்படி ஹார்லனுடையதை நகல் எடுத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.