பத்துப் பட்டைக்கு ஒரு ரிமோட்

குட்டையன் வீலென்று கத்தியபோது என் கை அதன்மேல் படவே இல்லை. சீப்பு மேசையில் கிடந்தது. நான் தொட்டிப் பக்கம் திரும்பி, வெந்நீரில் கையை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், முழங்கால் உயரம்கூட இல்லாத அந்தக் கறுப்பு நாய் மேசைமேலேயே துள்ளி விழுந்து, பக்கத்தில் கிடந்த சீப்பைக் கவ்விக் கடித்துக்கொண்டிருந்தது. என்னடா ஆச்சு என்று கையை நீட்டினேன். பல்லைக் காட்டியது. இரண்டு வருஷமாக என் கையில் குளிக்கிற நாய். அது கத்திய அதே நொடியில் ஜன்னலுக்கு வெளியே அண்ணன் "நோ" என்று சொன்னது காதில் விழுந்திருந்தது. அவன் அதைக் குட்டையனுக்குச் சொல்லவில்லை.

அண்ணன் நாய் பழக்குகிறவன். நான் நாய்களைக் குளிப்பாட்டி, முடிவெட்டி, நகம் நறுக்கி அனுப்புகிறவள். கட்டடம் ஒன்றுதான், முன்னால் கம்பிவேலி போட்ட மைதானம் அவனுக்கு, பின்னால் இந்த ஈர அறை எனக்கு. அண்ணன் புத்தியைத் திருத்துவார், தங்கச்சி மேனியைத் திருத்துவாள் என்று வருகிறவர்கள் கேலி செய்வார்கள். பதினோரு வருஷமாக அதே கேலி, பதினோரு வருஷமாக நாங்களும் சிரித்துவைத்தோம்.

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். மைதானத்தில் மார்பு அகன்ற காவல் நாய் ஒன்று நின்றது. அண்ணனின் வலது கையில் ரிமோட். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ சைக்கிளில் போக, நாய் பாய்ந்தது. அண்ணன் "நோ" என்றான், கட்டைவிரல் அழுந்தியது. என் முதுகுக்குப் பின்னால் குட்டையன் மறுபடி கத்தியது.

உடனே புரியவில்லை என்று சொன்னால் பொய். புரிந்துவிட்டது, நம்பத்தான் மனசு வரவில்லை. குட்டையனின் கழுத்துப் பட்டையைக் கழற்றினேன். உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உலோக முனைகளும் உள்ளங்கையில் படும்படி வைத்துக் கையை மூடிக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். இன்னொரு சைக்கிள் வந்தது. "நோ." முழங்கை வரைக்கும் இழுத்தது. பட்டையை உதறிப் போட்டேன். அப்போது என் வாயில் வந்ததை எழுத முடியாது.

ஷாக் காலர் என்று சொன்னால் அண்ணனுக்குப் பிடிக்காது. ட்ரெயினிங் பட்டை என்று சொல்ல வேண்டும். அவன் அதை வாங்கிவந்த நாளிலிருந்து எங்களுக்குள் சண்டைதான். புதிதாக வருகிறவர்கள் முன்னால் தன் முழங்கையில் அதை வைத்து, ரிமோட்டில் ஷாக் அளவின் எண்ணை ஐந்தில் நிறுத்தி அழுத்திக் காட்டுவான். எறும்பு கடித்தது மாதிரிகூட இல்லை என்பான். அவர்களும் கையை நீட்டுவார்கள், இவ்வளவுதானா என்று சிரிப்பார்கள். நீ அழுத்தப்போகிறாய் என்று உனக்குத் தெரியும், அதற்குத் தெரியாதே, அதோடு அந்தப் பெரிய நாய்க்கு எண் ஐந்திலா நிற்கிறது என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டேன். அன்று ராத்திரி அவன் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. அவனிடமும் ஒரு நியாயம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். இருபத்திரண்டு வயதில் அவன் வளர்த்த நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்கு ஓடியது. இவன் கூப்பிடக் கூப்பிட அது நடுரோட்டில் நின்று திரும்பிப் பார்த்தது, வாலை ஆட்டியது, லாரி வந்துவிட்டது. கூப்பிட்டால் வராத நாய் செத்த நாய் என்பதுதான் அன்றிலிருந்து அவனுடைய வேதம். ஒரு சின்னச் சுரீரில் ஒரு உயிர் பிழைக்கும் என்றால் நீ வேண்டாம் என்பாயா என்பான். பதில் இருந்திருக்கும், நான் தேடத்தான் இல்லை. அவனிடம் பழக வருகிற நாய்கள்தானே என்னிடம் குளிக்கவும் வருகின்றன.

மைதானத்துக்குப் போகக் கதவைத் திறந்தபோதுதான் மேனேஜர் ஞாபகம் வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

மேனேஜர் என்பது டெய்லரக்காவின் நாய். எந்நேரமும் கணக்கு இடிக்கிற மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர். அக்கா தனிக்கட்டை. தையல் மிஷின், மேனேஜர், இரண்டே துணை. வண்டிகளைத் துரத்துகிறது, அடிபட்டுச் சாகப்போகிறது என்று பயந்துதான் அண்ணனிடம் கொண்டுவந்தாள். மூன்று வாரத்துக்கு முன்னால் பாடம் முடிந்து கழுத்தில் பட்டையோடு என் அறையில் இருந்தபோது, காதைத் துடைக்கப் போன என் விரலை மேனேஜர் கவ்வியது. தோல் கிழியவில்லை, ஆனாலும் எனக்குக் கோபம். எங்களிடம் ஒவ்வொரு நாய்க்கும் ஓர் அட்டை உண்டு. கடிக்கிற நாய் என்றால் மூலையில் சிவப்பு ஒட்டுவது வழக்கம். ஒட்டினேன். சும்மா இருக்கும்போதே கடிக்கும் என்று கீழே எழுதியும் வைத்தேன். பத்து நாளைக்கு முன்னால் அதே அறை, அதே பெஞ்ச். அக்கா மேனேஜரின் தாடையைச் சொறிந்துகொண்டு என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். வெளியே அண்ணன் ஏதோ ஒரு நாய்க்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். மேனேஜர் அலறிக்கொண்டு அக்காவின் வலது உள்ளங்கையைக் கடித்து, விடாமல் உலுக்கியது. ஏழு தையல். ஊருக்கெல்லாம் தைக்கிறவளுக்கு யாரோ கையில் தைத்தார்கள். இனி கத்தரிக்கோல் பிடிக்க எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது என்றார்கள்.

காரணமே இல்லாமல் வளர்த்தவளைக் கடித்த நாய், அதற்கு முன்பே சிவப்பு ஒட்டிய நாய். நாய் மருத்துவர் என் அட்டையை வாங்கிப் படித்துவிட்டுத்தான் வலியில்லாமல் சாக ஊசி போட்டுவிடலாம் என்று சொன்னாராம். இன்றைக்கு நாலு மணிக்கு.

மைதானத்துக்கு எப்படி நடந்தேன் என்று தெரியாது. பட்டையை அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினேன். நீ அந்தப் பெரிய நாய்க்கு அழுத்தும்போதெல்லாம் இது அடிக்கிறது என்றேன். அவன் முதலில் சிரித்தான். பிறகு என் கையைப் பார்த்தான், பிறகு பட்டையைப் பார்த்தான், பிறகு எதையும் பார்க்கவில்லை. பெரிய நாயைக் கூண்டில் விட்டுக் கதவைச் சாத்தப் போனவன் தாழ்ப்பாளைப் போட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான்.

பதிலைக் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. பட்டைகளைப் பத்தாகப் பெட்டியோடு வாங்கியிருக்கிறான். ஒவ்வொன்றையும் தனித்தனி ரிமோட்டோடு சேர்க்க வேண்டுமாம். பத்து ரிமோட்டையும் இடுப்பில் கட்டிக்கொண்டு அலைவதா என்று பத்துப் பட்டையையும் ஒரே ரிமோட்டோடு சேர்த்துவிட்டான். மைதானத்தில் ஒரு நேரத்தில் ஒரு நாய்தானே என்று நினைத்தானாம். ஆனால் பட்டையை அவன் பாடத்துக்கு மட்டுமா மாட்டச் சொன்னான்? பட்டைக்கும் பாடத்துக்கும் சம்பந்தம் இருப்பதை நாய் கண்டுபிடிக்கக் கூடாது, அதனால் ஒரு மணி நேரம் முன்னாலேயே மாட்டுங்கள், முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் கழற்றாதீர்கள் என்று எல்லாரிடமும் பாடமாய்ச் சொன்னவன் அவன்தான். அந்த முன்னும் பின்னுமான நேரமெல்லாம் நாய்கள் என் அறையில்தான் இருந்தன. அங்கே வைத்து நான் அவற்றின் காதைத் தொடுவேன், வயிற்றைத் தடவுவேன், அந்த நொடியில் ஷாக் அடிக்கும்.

"உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லு."

"நடுவுல செவுரு இருக்கே. எட்டாதுன்னு நெனச்சேன்."

தெரியாது என்று சொல்லியிருந்தால்கூட அவனை மன்னித்திருப்பேன். எட்டாது என்று நினைத்தானாம். அப்படியென்றால் எட்டுமா என்ற கேள்வி அவனுக்கு ஒருமுறையாவது வந்திருக்கிறது, வந்த கேள்வியைத் தட்டிக் கழித்துவிட்டு ரிமோட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறான். அவனை அடித்துவிடுவேனோ என்று பயந்து கையைக் கட்டிக்கொண்டேன்.

அண்ணன் மெதுவாக ஒரு வழி சொன்னான். மேனேஜரை நாமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஊசி வேண்டாம், நான் வைத்துத் திருத்துகிறேன் என்று அக்காவிடம் சொன்னால் கொடுத்துவிடுவாள். நாய் பிழைக்கும். பட்டைகளை இன்றைக்கே தனித்தனியாக மாற்றிவிடலாம். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. உனக்கு நாய்தானே முக்கியம் என்று என்னையே கேட்டான். என் அண்ணன் என்னை நன்றாக அறிந்தவன், எங்கே தட்டினால் நான் இறங்குவேன் என்று அவனுக்குத் தெரியும். ஒரு நிமிஷம் இறங்கினேன் என்பதுதான் உண்மை. மேனேஜர் பிழைக்கிறது, கடை பிழைக்கிறது, சிவப்பு ஒட்டிய நானும் பிழைக்கிறேன். அக்கா மட்டும், தான் ஊட்டி வளர்த்தது தன்னையே கடித்தது என்று நினைத்தபடி ஒற்றைக் கையோடு வீட்டில் உட்கார்ந்திருப்பாள்.

"முடியாது. நீ வந்தாலும் வராட்டாலும் நான் போய் சொல்லத்தான் போறேன்."

அக்காவின் போன் அணைந்திருந்தது. நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவன் வேனைக் கிளப்பிக்கொண்டு வாசலுக்கு வந்தான். நான்தான் பேசுவேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னான். வழியில் வேறு பேச்சில்லை. சிக்னலில் நின்றபோது இடுப்பில் இன்னும் ரிமோட் தொங்குவதைப் பார்த்தான், கழற்றி வேனின் முன்பெட்டிக்குள் வீசினான்.

நாய் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது நாலு அடிக்கப் பத்து நிமிஷம். அக்கா ஊசி போடும் அறையிலேயே இருந்தாள், கட்டுப்போட்ட கை மடியில். மேனேஜர் அவள் காலடியில், வாயில் தோல் பூட்டு, நெற்றியில் அதே சுருக்கம். மருத்துவர் மேசையில் ஊசித் தட்டை வைத்துவிட்டு யார் நீங்கள் என்று கேட்டார். அண்ணன் வாயைத் திறந்தான், மூடினான். பதினோரு வருஷமாகக் கூட்டம் சேர்த்துப் பேசுகிறவன். நான் சொன்னேன். குட்டையனிலிருந்து ஆரம்பித்து, பெட்டி, ரிமோட், சுவர், என் உள்ளங்கை எல்லாம் சொன்னேன். சிவப்பு ஒட்டியது நான், அதில் எழுதியது பொய், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று மருத்துவரைப் பார்த்தும் சொன்னேன். சொல்லி முடித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கம் கெட்ட மனசு.

அக்கா எங்களைத் திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணனைப் பார்த்துத்தான் பேசினாள், குரலை உயர்த்தாமல்.

"கடிச்ச அன்னைக்கு சாயங்காலம் நான் உங்களுக்கு போன் பண்ணேன் தம்பி. ஞாபகம் இருக்கா? அப்படியே விடாதீங்கக்கா, செஞ்சது தப்புன்னு அதுக்குத் தெரியணும்னு சொன்னீங்க. நான் இந்தக் கைய வெச்சிக்கிட்டு, இடது கையால, செருப்பால அடிச்சேன். அது ஓடல. அடிக்க அடிக்க என் காலுக்குள்ளயே வந்து படுத்துச்சு."

மருத்துவர் தட்டின் மேல் துணியைப் போட்டார். எடுத்துப் போகவில்லை. கடித்த நாய் கடித்த நாய்தான் அம்மா, காரணம் இருந்தாலும் இனி அதன் பயம் எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதற்கும் எங்களைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

அக்கா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். வாய்ப்பூட்டின் வாரை இடது கையால் தேடினாள். கொக்கி மேனேஜரின் காதுக்குப் பின்னால் இருந்தது, ஒற்றைக் கைக்கு அது வசப்படவில்லை. நான் குனிந்து கையை நீட்டினேன்.

"நீ தொடாத."

பின்வாங்கினேன். அண்ணன் மட்டும் ஓர் அடி முன்னால் வைத்தான். என்ன நினைத்தானோ, மன்னிப்புக் கேட்கத்தானோ என்னவோ, தொண்டையைச் செருமிக்கொண்டு, மேனேஜர் என்று மெதுவாகக் கூப்பிட்டான்.

மேனேஜர் அக்காவின் கையிலிருந்து தலையை உருவிக்கொண்டது. யாரும் சொல்லாமலே எழுந்து அவனுக்கு நேராகப் போய் நின்று, பின்னங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, முன்னங்கால்கள் இரண்டும் சரிசமமாக, கண்ணை அவன் முகத்திலிருந்து எடுக்காமல் உட்கார்ந்தது. அவ்வளவு அழகாக எந்த நாயும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதன் அடியிலிருந்து மூத்திரம் கிளம்பி, வெள்ளைத் தரையில் மெல்ல அகன்று, அண்ணனின் செருப்பு வரைக்கும் வந்தது. அவன் காலை நகர்த்தவில்லை. அக்கா முழங்காலால் தரையில் நகர்ந்து வந்து, அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து, மறுபடி இடது கையால் அந்தக் கொக்கியைத் தேட ஆரம்பித்தாள்.