இழுத்துப் பார்க்காத சட்டை

“ஊத்துடா! எங்க ஊத்தணுமோ நீயே ஊத்து! என்னால முடியாது!”

“அம்மா, முதல்ல வாளியக் கீழ வைங்க.”

“வைக்க மாட்டேன். என் புள்ள மூஞ்சி இதுல மிதக்குது. கீழ வைன்னு வாய் கூசாம சொல்றியே!”

தையல்காரம்மாவின் குரல் அதுவரை அவளுடைய மெஷின் சத்தத்தைத் தாண்டி யார் காதிலும் விழுந்ததில்லை. அன்று காலை அது தெருக்கோடி வரை போனது. மூன்று ஜன்னல்கள் திறந்தன. நான்காவது ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

நெட்டை, சட்டையில் படம் அச்சடிக்கும் மேசைக்குப் பின்னால் கையெல்லாம் மையோடு நின்றான். கதவு நிலையில் வாரம் ஒரு முறையாவது தலையை இடித்துக்கொள்கிற அந்த ஆறடி ஆள், அன்று கதவைக் குனியாமலே தாண்டலாம் போலச் சுருங்கியிருந்தான். வாளிக்குள் அவன் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். சோப்பு நுரையும், அதில் கரித்தூள் போலக் கறுப்புத் துணுக்குகளும் இருக்கும். அவளுடைய தோளில் கிடந்த ஈர வெள்ளைச் சட்டையின் மார்பில், நேற்று வரை ஒரு முகம் இருந்த இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு தேய்ப்பு.

முகம் குண்டனுடையது. தையல்காரம்மாவின் ஒரே பிள்ளை. நெட்டையின் கூட்டாளி.

பள்ளிக்கூடத்திலிருந்தே ஒட்டிக்கொண்ட இரண்டு பேர். ஒருவன் கம்பம், ஒருவன் பானை. சேர்ந்து நடந்தால் தெருவே சிரிக்கும். அம்மாவின் தையல் அறைக்கு அடுத்த அறையில் கடை போட்டார்கள். கால்பந்து டீம், கல்லூரிப் பிள்ளைகள், கல்யாணத்துக்கு ஒரே மாதிரி சட்டை கேட்கிற நண்பர்கள் என்று வேலை வந்தது. அம்மா தைப்பாள். நெட்டை வலை கட்டிய பிரேமைத் துணிமேல் வைத்து மை இழுப்பான். சூடு காட்டுவது குண்டனின் வேலை. அந்த மை லேசில் காயாது. தொட்டால் காய்ந்த மாதிரி நடிக்கும், அடியில் பச்சையாகவே இருக்கும். சூட்டுத் தட்டுக்குள் வைத்து வேகவிட வேண்டும்.

வெந்ததா என்று பார்க்கக் குண்டனுக்கு ஒரு வழி இருந்தது. படத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் இழுப்பான். இழுத்தபடியே காதில் வைத்துக் கேட்பான். “விரிசல் சத்தம் இல்ல. வெந்துடுச்சு” என்பான். “பெரிய டாக்டரு, துணிக்கு நெஞ்சு பாக்குறாரு” என்று இஸ்திரிக்காரர் வாசலிலிருந்து வம்பிழுப்பார்.

இரண்டு கட்டுச் சட்டைகளை பைக்கில் ஏற்றிக்கொண்டு போன குண்டன் திரும்பவில்லை. சட்டைகள் திரும்பி வந்தன. அது நடந்து நாலு மாதம்.

அவன் விளையாடிய டீம், அவன் நினைவாக ஒரு ஆட்டம் ஆட அவன் முகம் போட்ட சட்டை கேட்டது. பதினைந்து சட்டை, அம்மாவுக்கு ஒன்று. கிடைத்த ஒரே நல்ல படம், பெண் வீட்டுக்கு அனுப்ப ஸ்டூடியோவில் எடுத்தது. ஸ்டூடியோக்காரர் கன்னத்தை இரண்டு பக்கமும் செதுக்கி அவனை சினிமா நடிகன் ஆக்கியிருந்தார். ‘யாரு இந்த மாப்பிள்ளை’ என்று தெரு கேட்ட படம் அது.

நெட்டை தனியாகச் செய்த முதல் வேலை அதுதான். மை ஒழுங்காக விழுந்தது. தட்டை மூடினான், ஒரு குத்துமதிப்பில் திறந்தான். தொட்டுப் பார்த்தான், ஒட்டவில்லை. அடுத்து இழுக்க வேண்டும். இரண்டு கன்னத்திலும் கை வைத்தான். வைத்த கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மடித்து அடுக்கத் தொடங்கியது. பதினாறையும்.

ஒரு மாதத்துக்குள் டீம் பையன்கள் ஒவ்வொருவராகத் துவைத்தார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் குண்டன் கரைந்து போனான். சட்டையைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் வெளியே விட்டார்கள். இஸ்திரிக்காரர் வழியாக நெட்டைக்கு வந்தது. நெட்டைக்கு வந்தபோது தெரு முழுக்கப் பழைய செய்தி. அம்மாவின் காதுக்குப் போகாமல் இந்தத் தெரு ஒன்றுகூடி வாயை மூடிக்கொண்ட ஒரே சமாச்சாரம் இதுதான்.

தையல்காரம்மா தன்னுடையதைத் துவைக்கவேயில்லை. அதைத் தலையணையில் மாட்டிவைத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடும்போதெல்லாம் நெட்டை, இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று எழுவான். மெஷின் நின்றதும் உட்கார்ந்துவிடுவான்.

“நீங்க கோவிச்சுக்காதீங்க,” என்று இஸ்திரிக்காரர் இப்போது வாசலில் வந்து நின்றார். “டீம் பசங்க எல்லார் சட்டையும் இப்படித்தான் போச்சு. உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் யாரும்…”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தையல்காரம்மா நெட்டையைத் திரும்பிப் பார்த்தாள். “உனக்குத் தெரியுமா?”

“தெரியும்மா.”

“தெரிஞ்சுமா என்னைத் துவைக்க விட்ட?”

“நீங்க துவைக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்.”

“மழைக்கு ஒழுகி நனைஞ்சுதுடா. நாத்தம் வந்துடுச்சு. என் புள்ள சட்டையில நாத்தம் வரலாமா?” குரல் இறங்கியது. “இழுத்துப் பாத்தியா, இல்லையா?”

“இல்லம்மா.”

“ஏன்?”

“அவன் மூஞ்சிய நான் எப்படிம்மா இழுப்பேன்?”

அவள் வாளியைத் தரையில் வைத்தாள்.

“அந்தப் படத்தோட ஃபிலிம் இருக்கா?”

“பிரேமைக் கழுவிட்டேன். ஃபிலிம் இருக்கு.”

“பிரேம் போடு. நான் சட்டை தைச்சுட்டு வரேன்.”

மத்தியானம் வரை சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடியது. இந்தப் பக்கம் நெட்டை புதுப் பிரேமில் படத்தை ஏற்றினான். அவள் சட்டையோடு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். அவன் மை இழுத்து, தட்டுக்குள் வைத்து மூடினான். பழைய குத்துமதிப்பிலேயே கைப்பிடிக்குக் கை போனது.

“திறக்காத.”

கையை எடுத்தான்.

“எத்தனை வருஷமா சுவத்துக்கு அந்தப் பக்கம் கேக்குறேன். அவன் மூடுவான், நான் பக்கத் தையல் ஆரம்பிப்பேன். அக்குள்ல இருந்து ஓரம் வரைக்கும் நான் தைச்சு முடிச்சாத்தான் அவன் திறப்பான்.” அவளுடைய வலது கால் தரையில் மெதுவாக அழுந்தி எழுந்தது, மெஷின் இல்லாத இடத்தில் மெஷின் மிதித்தபடி. நெட்டை அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். கால் நின்றது. “இப்பத் திற.”

சூட்டோடு சட்டையை மேசையில் விரித்தான். விரித்துவிட்டு நகர்ந்துகொண்டான்.

“இழு.”

“முடியலம்மா.”

“தடி மாட்டுக்கு நெஞ்சு மட்டும் கோழிக்குஞ்சு,” என்றாள். எழுந்து வந்தாள். நூல் அறுத்து அறுத்துக் காய்ப்புப் பிடித்த விரல்களால் இரண்டு கன்னத்தையும் பிடித்து இழுத்தாள். மை விரியவில்லை. முகம்தான் விரிந்தது. ஸ்டூடியோக்காரர் செதுக்கி எறிந்த கன்னமெல்லாம் இரண்டு பக்கமும் திரும்பி வந்து உட்கார்ந்தது.

“அடேய், பாருடா,” என்றாள். “இப்பத்தான்டா என் புள்ள மாதிரி இருக்கான்.”

நெட்டை பார்த்தான். குண்டனேதான். அவள் கையைத் தளர்த்தினாள். மாப்பிள்ளைப் படமாக ஒல்லியாகிப் போனான். மறுபடி இழுத்தாள், வந்தான். விட்டாள், போனான். எத்தனை முறை இழுத்தாள் என்று ஜன்னல்களுக்கே தெரியாது. இஸ்திரிக்காரர் அதற்குள் தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார். கடைசியில் அவள் சட்டையைக் காதில் வைத்துக்கொண்டாள். நெடுநேரம் வைத்திருந்தாள். வெந்துவிட்டது என்று மட்டும் சொல்லவில்லை.

அந்தப் படம் போயிருந்த வீட்டுப் பெண்ணுக்கு அடுத்த மாதமே வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. தையல்காரம்மா மெஷினைக் கட்டி ஏற்றிக்கொண்டு தன் தங்கை வீட்டோடு போய்விட்டாள். இஸ்திரிக்காரர் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சட்டை இருக்கிறதாம். தினமும் இழுத்து இழுத்து இடது கன்னத்தில் மெல்லிசாக ஒரு விரிசல் விழுந்துவிட்டதாம். வேறு போட்டுத் தரச் சொல்லவா என்று இவர் கேட்டதற்கு அவள் பேச்சை மாற்றிவிட்டாளாம்.

இரண்டு வருஷம் கழித்து நெட்டையும் கல்யாணம் செய்துகொண்டான். பெண் மருந்துக் கடையில் வேலை பார்த்தவள், கெட்டிக்காரி. தட்டை மூடுவதும் திறப்பதும் இப்போது அவள் பொறுப்பு. இழுத்துப் பார்ப்பதும் அவள்தான். அந்த நேரத்தில் நெட்டைக்கு எப்படியோ வாசலில் ஒரு வேலை வந்துவிடும். வந்த முதல் வாரமே கடையைக் கூட்டிப் பெருக்கியவள், மூலையில் ஒரு பழைய வாளியைப் பார்த்தாள். தண்ணீர் என்றைக்கோ வற்றி, அடியில் கறுப்பாக ஏதோ அப்பிக் கிடந்தது. தேய்த்துக் கழுவ அதைக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

அன்று புருஷன் பொண்டாட்டிக்குள் நடந்த சண்டை தெருக்கோடி வரை கேட்டது. புதுப் பொண்டாட்டியோடு ஒரு பழைய வாளிக்காகச் சண்டை போடுகிற ஆளை இந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனாலும் அன்று ஒரு ஜன்னலும் திறக்கவில்லை.