நாற்பத்தோராவது கதவு

காலையில் அங்கே வெறும் சந்துதான் இருந்தது. கணக்கெடுக்க வந்தவள் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள்: நாற்பதாம் எண் வீட்டுக்கும் மதில்சுவருக்கும் நடுவே ஆறடி இடைவெளி, அதில் ஓர் உடைந்த வாளி. ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை முடிந்து திரும்பி வந்தால் அதே இடத்தில் ஒரு வீடு நிற்கிறது. தகரக் கூரை, பலகைத் தடுப்பு, கதவுகூட இருக்கிறது. தெரு மாறி வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் அவளுக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

இந்தத் தெருவை மொத்தமாக இடித்துவிட்டுக் கடைவளாகம் கட்டப்போகிறார்கள். தனிக்கதவும் தனி அடுப்பும் இருந்தால் கதவில் சிவப்புப் பெயின்டில் எண் கிடைக்கும். எண் இருந்தால் அடுக்குமாடியில் மாற்றுவீடு. இல்லாதவர்கள் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். நாற்பதாம் வீட்டில் ஒரு திரைக்குப் பின்னால், வீட்டுக்காரரின் தங்கைக்காரி, புருஷன் விட்டுப் போனவள், இரண்டு பெண்களோடு ஒண்டியிருந்தாள். துணி தேய்க்கிறவள். "திரையெல்லாம் கதவாகாதும்மா" என்று காலையில் கணக்கெடுப்பவள்தான் சொன்னாள். தங்கைக்காரி அழவுமில்லை, கெஞ்சவுமில்லை. "சரிங்க மேடம்" என்றுவிட்டுத் தேய்ப்புப் பெட்டியைக் கையில் எடுத்தாள். அந்தச் 'சரிங்க'வுக்குப் பிறகு இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது அதே தங்கைக்காரி, விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல, "உள்ள வாங்க மேடம்" என்றாள்.

உள்ளே ஒரு கட்டில், எரிகிற அடுப்பு, அதன்மேல் யார் வீட்டுப் பானையோ. ஆணியடித்து நாட்காட்டி வேறு மாட்டியிருந்தார்கள், போன வருஷத்து நாட்காட்டி. அவள் டேப்பை இழுத்து அளந்துகொண்டிருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் கதவு தானாக மூடிக்கொண்டது. திரும்பினாள். கதவின் உட்பக்கத்தில், அவளுடைய கையெழுத்தில், இன்னும் முழுசாகக் காயாத சிவப்பில், 23.

அது தையல்காரர் வீட்டு எண். இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். தையல்காரர் தன் வாசலில் போர்வையைத் தொங்கவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். கொத்தனார் குழாயடியில் கை கழுவினார். யாரும் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரே ஒரு மணி நேரத்தில் தெருவே சேர்ந்து ஒரு வீட்டை நிறுத்திவிட்டிருக்கிறது! அவளுடைய ஆபீஸில் ஒரு ஜன்னல் கண்ணாடி மாற்ற ஆறு மாசம் ஆயிற்று.

"அவங்க வீட்டுக்குக் கதவு?"

"இடிக்கிறவரைக்கும்தானேன்னுட்டாரு மேடம். திருடன் வந்தா அவன்தான் பாவம், ஏமாந்து போவான்னாரு."

தெருமுனையில் மேலதிகாரியின் குரல் கேட்டது. பொய்க்கணக்கு எழுதினால் வேலை போய்விடும் என்று காலையில் படித்துக் காட்டி அனுப்பியவர் அவர்தான்.

"ஏம்மா, நாப்பதோட முடிஞ்சுதா?"

"இன்னும் ஒண்ணு இருக்கு சார்."

23 சுவர்ப்பக்கம் மறையும்படி கதவை உட்சுவரோடு ஒட்டத் திறந்துவைத்து, அதன் வெளிப்பக்கத்தில் 41 என்று எழுதினாள். அவசரத்தில் 1 கொஞ்சம் கோணிக்கொண்டது. மேலதிகாரி கேமராவோடு உள்ளே வந்து அடுப்பைப் படமெடுத்தார், கட்டிலைப் படமெடுத்தார், நாட்காட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கதவு மெல்ல நகர ஆரம்பித்தது. தங்கைக்காரி கதவையே பார்த்தாள்.

ஒரு சாண் வந்த கதவு அங்கேயே நின்றது. கணக்கெடுப்பவளின் செருப்புக் கால் அதன் அடியில் முட்டுக்கொடுத்திருந்தது. ஈர எண்ணிலிருந்து ஒரு சிவப்புச் சொட்டு திரண்டு, அவளுடைய கால் பெருவிரல்மேல் விழுந்தது.