கொதிக்கும் தார்

1917ஆம் ஆண்டு. வட டகோட்டாவின் ஒரு சிற்றூரில், நம் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பாதீர்கள் என்று பேசிவிட்டு வெளியே வந்தாள் சோஷலிஸ்ட் கட்சிக்காரி செல்மா. மண்டப வாசலில் போரை ஆதரிக்கும் கூட்டம் ஒன்று, அவள்மேல் ஊற்றத் தார் காய்ச்சிக்கொண்டிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆர்வில் வந்தார். குடியரசுக் கட்சிப் பண்ணைக்காரர். தேர்தல்தோறும் அவளை வசைபாடுகிறவர். இவருமா என்று அவள் பின்வாங்கினாள்.

அவரோ அவளை மறைத்து நின்றார்.

"இவ பேசுற மத்ததெல்லாம் உளறல்தான். ஆனா இந்தச் சண்டை வேணாம்னு நானும்தான்டா சொல்றேன். மொதல்ல என்மேல ஊத்துங்க."

"துரோகி!" என்று கத்திய ஒருவன் ஊற்றியே விட்டான். அவருடைய அலறலில் மிரண்டு கூட்டம் கலைந்தது.

செல்மா தார் அப்பிய அவர் சட்டையைக் கிழித்து அகற்றினாள்.

"அழாத தாயி," என்று முனகினார் ஆர்வில். "உங்க கட்சிக்கு இப்பவும் ஓட்டுக் கெடையாது."